கல்யாணக் கேசட்டுகளை வெட்டி ஒட்டி ஒரு படம்

தாலி கட்டும் காட்சி ஒன்றுகூட இல்லாத கல்யாணப் படம் அது. ஓடும் நேரம் இருபது நிமிடத்துக்கும் குறைவு. அதில் ஒரு ஃபிரேம்கூட நான் படம்பிடித்ததில்லை. 1980களின் நடுவில் தொடங்கி 1990களின் கடைசிவரை சிங்கப்பூரில் நடந்த தமிழ்க் கல்யாணங்களின் விஎச்எஸ் கேசட்டுகளைக் கேட்டு வாங்கி, வீடியோக்காரரின் கவனம் வேறெங்கோ இருந்த நொடிகளை மட்டும் பொறுக்கி ஒட்டினேன். திரையிட்ட பிறகு வந்து பேசியவர்களில் பலர், "எங்க வீட்டிலயும் ஒரு பெட்டி நிறைய கேசட் கிடக்குது, நாங்களும் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். அவர்களுக்காகத்தான் இது.

அடுத்தவர் எடுத்த படத்தை வெட்டிப் புதுப் படம் செய்வது பழைய வேலைதான். நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர் 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற ஹாலிவுட் படத்தின் பிரதி ஒன்றை வெட்டினார். கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நடிகை ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு, வசனம் இல்லாமல், நீலக் கண்ணாடி வழியாக, மௌனப் படத்தின் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அது 1936இல். 1958இல் புரூஸ் கானர் செய்திப்படங்களையும் மலிவான சினிமாக்களையும் வெட்டிச் சேர்த்து 12 நிமிடப் படம் ஒன்று செய்தார். 'முடிவு' என்ற எழுத்தட்டை அதில் ஆரம்பத்திலேயே வந்துவிடும். இந்த இரண்டையும் பார்த்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மூலப் படம் எதை முக்கியம் என்று நினைத்ததோ, அதைத் தூக்கிவிட்டாலும் மிச்சத்தை வைத்துப் படம் பண்ண முடியும்.

கல்யாண வீடியோவுக்கு இது அச்சாகப் பொருந்தும். மாலை, அட்சதை, தாலி எல்லாம் எந்தக் கேசட்டைப் போட்டாலும் ஒரே கோணம், ஒரே பாட்டு, நடுவில் இதய வடிவில் விரியும் எஃபெக்ட். ஆள் மட்டும் வேறு. ஆனால் கேமராவை நிறுத்த மறந்து கீழே தொங்கவிட்டபடி நடக்கும்போது பதிவாகும் தரை, செருப்புக் குவியல், கம்பளத்தின் ஓரம். வெள்ளை நிறத்தைச் சரிசெய்ய யாரோ ஒருவரின் வேட்டியை நெருங்கிப் பிடித்த சில நொடிகள். மேடையை நோக்கித் திரும்பும் வழியில் தற்செயலாக மாட்டிக்கொண்ட ஒரு முகம்: இவையெல்லாம் யாரும் யாருக்காகவும் நடிக்காத இடங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

கேசட் எங்கே கிடைக்கும்? பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டதற்குப் பிறகு இந்த மாதிரிச் சாமானுக்கு என்று நேராகப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர்கள் டிவி, ஏர்கான் எடுப்பார்கள், கேசட்டைத் தொடமாட்டார்கள். ஒருவேளை எங்காவது கிடைத்தாலும், உரியவர் யார் என்றே தெரியாத கல்யாணக் கேசட்டை நான் வாங்குவதில்லை. யாரிடம் அனுமதி கேட்பது? அதனால் இரண்டு வழிகள்தான். ஒன்று, சொந்தபந்தமும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும். இன்னொன்று, அந்தக் காலத்தில் தொழில் செய்த வீடியோக்காரர்கள். இரண்டாவது வழி அருமையானது.

அங் மோ கியோவில் அப்படி ஒருவரைப் பார்க்கப் போனேன். தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனால் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட் (ஈரம் சேராமல் காக்கும் மின்பெட்டி) மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ்களுக்குக் கீழே இரண்டு தட்டு முழுக்க மாஸ்டர் கேசட்டுகள். குடும்பங்களுக்குக் கொடுத்தது நகல்; மூலத்தை அவர் தன்னிடமே வைத்திருந்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, மண்டபம், மாப்பிள்ளை வீட்டு போன் நம்பர். பந்திக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டி, "அண்ணே, இதுல எல்லாரும் ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

"லைட்டைப் பார்த்ததும் கை நின்னுரும் தம்பி. வாயில சோத்தோட வீடியோவுல விழக்கூடாதுன்னு நினைப்பாங்க. நான் போனாத்தான் சாப்பிடுவாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் என் படத்தின் முக்கால்வாசி இருந்தது.

அவருடைய கேசட்டுகள் தப்பித்தது டிரை கேபினெட் புண்ணியத்தில். மற்ற வீடுகளில் ஸ்டோர் ரூமில், பழைய சூட்கேஸுக்குள் கிடந்தவை வேறு கதை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் ஊர் இது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். பூஞ்சை பிடித்ததற்கென்றே ஒரு மட்டமான டெக்கைத் தனியாக வையுங்கள். நாடாவைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. துடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், படுக்கையறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

எந்தக் கேசட்டையும் டெக்கில் தள்ளுமுன் அதன் முதுகு ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். பட்டை இருக்கும்வரை, கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் யாரோ ஒருவரின் கல்யாணத்தின் மேல் வெறும் கறுப்பு பதிவாகிவிடும்.

கணினிக்கு ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்-வீடியோ வெளியீடு உள்ள டெக் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். சில வெள்ளிக்கு விற்கும் யுஎஸ்பி கருவிகள் ஃபிரேம்களை விழுங்கும்; அரை மணி நேரம் போனால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். படம் மேலே வளைந்து நெளிந்தால், சிக்னலைச் சில பழைய டிவிடி ரெக்கார்டர்களின் வழியாக அனுப்பிப் பாருங்கள், ஓரளவு நேராகும். 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம், இரட்டைப் புலம் (இன்டர்லேஸ்) அப்படியே இருக்கட்டும். DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட் பிடிக்கும். முழுக் கேசட்டையும் ஏற்றுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு மிச்ச நாடாவில் எஸ்பிசி (அப்போதைய சிங்கப்பூர் ஒளிபரப்புக் கழகம்) காலத்து ஒளிபரப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு உரிமைக்காரர் வேறு என்பதால் நான் தொடவில்லை, ஆனால் பார்க்கச் சுவாரசியமானது.

இரட்டைப் புலத்தை அப்படியே வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விஎச்எஸ் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு வேறு கணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைச் சரியாகப் பிரித்தால் நொடிக்கு 50 படம் கையில் இருக்கும். பாதி வேகத்தில் ஓட்டினாலும் எந்தப் படத்தையும் திரும்பக் காட்ட வேண்டியதில்லை, எல்லாமே உண்மையில் நடந்த கணங்கள். 1990இல் எடுத்த கேமராவிலிருந்து இவ்வளவு வழவழப்பான மெதுவோட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணினிக்கு ஏற்றும்போதே இரண்டு புலத்தையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டால் இது போய்விடும். சூப்பர் 8 ஃபிலிமும் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் நொடிக்கு 18 ஃபிரேமில் எடுத்தது. 25இல் அப்படியே ஓட்டினால் 39 விழுக்காடு வேகமாகி, தாத்தா பாட்டியெல்லாம் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி ஒலி. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டுதான். "பாட்டு போடலேன்னா காசு குடுக்க மாட்டாங்க" என்றார் அங் மோ கியோ அண்ணன். மண்டபத்தின் உண்மையான ஒலி எல்லாம் அதோடு அழிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் ஹை-ஃபை டெக்கில் தொகுத்த மாஸ்டர் என்றால் நம்பிக்கை உண்டு. அந்த நாடாவில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று நாடாவின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் சாதாரணத் தடம். மற்றொன்று, சுழலும் ஹெட் படத்தோடு சேர்த்து நாடாவில் பதிக்கும் ஹை-ஃபை தடம். டெக்கின் 'ஆடியோ டப்' பொத்தானை அழுத்திப் பாட்டு ஏற்றும்போது ஓரத் தடம் மட்டும்தான் அழியும். ஹை-ஃபை தடத்தை மாற்ற வேண்டுமானால் படத்தையும் சேர்த்துத் திரும்பப் பதிய வேண்டும். ஆக, பழைய ஒலி படத்தின் அடியில் பத்திரமாக இருக்கிறது.

அவர் வீட்டிலேயே அதைச் சோதித்தோம். டெக்கின் ஒலிப் பொத்தான் 'நார்மல்' என்பதில் இருந்தது. திரையில் பொண்ணு மாப்பிள்ளை அக்கினியைச் சுற்றுகிறார்கள், கூடவே டூயட் ஒன்று ஓடுகிறது. பொத்தானை 'ஹை-ஃபை'க்கு மாற்றினேன். பாட்டு சட்டென்று போய்விட்டது. தவில், ஐயர் குரல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, அப்புறம் கேமராவுக்கு மிக அருகில் ஓர் ஆண் குரல்: "டேய், கார் சாவி யாருகிட்ட இருக்கு?" பதில் சொன்னவர் குரலும் கேட்டது. அது அண்ணனுடையதேதான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டே, "என் பாக்கெட்டுல" என்கிறார். அவருக்கே நினைவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் முப்பது வருடமாக வைத்திருக்கும் நகலில் அந்த இடத்தில் டூயட் மட்டும்தான்.

இந்த வித்தை மாஸ்டரில்தான் நடக்கும். நகலெடுக்கும்போது பாட்டோடு சேர்த்துப் பதிந்திருந்தால் இரண்டு தடத்திலும் பாட்டுத்தான் இருக்கும். ஆனாலும் எந்தக் கேசட் வந்தாலும் பொத்தானை மாற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒலி கிடைத்ததும் வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை பார்த்த ஆர்தர் லிப்செட், மற்றவர்கள் வெட்டி எறிந்த ஒலித் துண்டுகளைப் பொறுக்கி முதலில் ஒலித் தொகுப்பாகச் செய்து, அதற்குப் பிறகுதான் படங்களைச் சேர்த்தார். 1961இல் வந்த அவருடைய குறும்படம் அப்படிப் பிறந்ததுதான். நானும் சாவி தேடுவது, "போட்டோவுக்கு வாங்க" என்று கூப்பிடுவது, நாற்காலி இழுப்பது, மைக் கீச்சிடுவது என்று முழு ஒலித்தடத்தையும் முதலில் கட்டினேன். அதற்குமேல்தான் படம். வெட்டும் இடத்தில் திணறுபவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஒலி ஓடிக்கொண்டிருந்தால், எவ்வளவு சம்பந்தமில்லாத இரண்டு மண்டபங்களும் பக்கத்து அறைகள் போல ஆகிவிடும்.

பட்டியல் போடுவதுதான் சலிப்பான வேலை, ஆனால் படம் உண்மையில் உருவாவது அங்கேதான். 'தாலி', 'பந்தி', 'ஊர்வலம்' என்று நிகழ்ச்சிவாரியாகப் பட்டியல் போட்டால் கடைசியில் தொலைக்காட்சிக்கான தொகுப்புதான் வரும். எல்லாத் தாலியும் ஒரு வரிசையில். அசைவை வைத்துப் பட்டியல் போடுங்கள். என்னுடைய எக்செல் தாளில் இருந்த தலைப்புகள் சில: 'கேமரா போகக் காத்திருப்பவர்', 'கேமராவைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்', 'யாரையோ கையசைத்துக் கூப்பிடுபவர்', 'தரை', 'கதவு', 'தலைமுடியைச் சரிசெய்யும் கை', 'வெளிச்சம் இடமிருந்து வலம்', 'வெளிச்சம் வலமிருந்து இடம்'. ஒவ்வொன்றுக்கும் நேரக்குறி, கேசட் எண், குடும்பத்தின் குறியீடு.

அந்தக் கடைசி இரண்டு தலைப்புகளில் இருந்துதான் பந்திக் காட்சி வந்தது. வீடியோக்காரரின் விளக்கு வரிசையில் நகர்ந்துகொண்டே போகும். வெளிச்சம் விழும் முகம் நின்றுவிடும், கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கும். பெரியவர் ஒருவர் ரசம் சாதத்தைப் பிசைந்து உருட்டி எடுத்துவிட்டு, விரல் இடுக்கில் ரசம் வழிய வழிய, எங்கோ தூரத்தைப் பார்க்கிறார். வெளிச்சம் கடந்து அவர் முகம் இருட்டாகும் அந்த ஃபிரேமில் வெட்டினேன். அடுத்த முகம் வேறு வருடம், வேறு மண்டபம். விளக்கின் திசை மட்டும் அதே. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் தொடங்கிய வெளிச்சம் ஏதேதோ சமூக மன்றங்களைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வருடத்தைக் கடந்து போகிறது, யாருமே சாப்பிடவில்லை. அவர்கள் சாப்பிடுவதைக் காட்ட வெகுநேரம் காக்கவைத்தேன். இருட்டுக்குள் முதல் வாய் போகும்போது திரையரங்கில் சிரிப்பு வரும்.

திசை ஒத்துவரவில்லை என்றால் ஷாட்டைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப்போடும் வசதி எல்லாத் தொகுப்பு மென்பொருளிலும் உண்டு. தமிழ்க் கல்யாணத்தில் அதைத் தொடாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள். வெள்ளைக்காரப் பார்வையாளர் கண்டுபிடிக்க மாட்டார். நம் ஆள் இரண்டாவது நொடியில், "என்னப்பா, பீச்சாங்கையால சாப்பிடுறான்" என்பார். வேறு ஷாட் தேடுவதுதான் ஒரே வழி. பட்டியல் ஒழுங்காக இருந்தால் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள்கள் இப்போது கொட்டிக் கிடக்கின்றன. முயன்று பார்த்து ஒதுக்கிவிட்டேன். மங்கலாக இருக்கும் முகத்தில் அது புதுக் கண்ணும் பல்லும் வரைகிறது. அந்த மனிதர் உண்மையில் இருந்தவர், அவருடைய மகள் அரங்கில் உட்கார்ந்திருப்பார். மங்கலாகவே இருக்கட்டும். பெரிய திரையில் 4:3 வடிவத்தை இழுக்காமல், இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுப் போட்டால் கண்ணுக்கு உறுத்தாது. கீழ் ஓரத்தில் துடிக்கும் கோடுகளையும் நான் வெட்டவில்லை.

உரிமை விவகாரம். வழக்கறிஞர் ஒருவரிடம் பேசித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் படத்துக்கு நீங்களும் பேசிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே உரிமையாளர். அதாவது கல்யாண வீட்டார், வீடியோக்காரர் அல்ல. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவற்றில், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், படைத்தவருக்கே முதல் உரிமை. என் கேசட்டுகள் எல்லாம் பழையவை. அதனால் அண்ணன் சம்மதித்தது மட்டும் போதாது, நோட்டுப் புத்தகத்தில் இருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். பாதி நம்பர்கள் செத்துப்போயிருந்தன. நியாயமான பயன்பாடு என்று ஒரு விலக்கு சட்டத்தில் இருக்கிறது. எதற்காக, எப்படிப்பட்ட படைப்பிலிருந்து, எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நான்கையும் பார்ப்பார்கள். ஆனால் யாரோ ஒருவரின் அம்மாவைத் திரையில் காட்டுவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சினிமாப் பாட்டுகளுக்குத் தனி உரிமை. ஹை-ஃபை தடம் இந்தத் தலைவலியையும் தீர்த்துவைத்தது. நாதஸ்வரக்காரரே சினிமா மெட்டு வாசிக்க ஆரம்பித்த இடங்களில் மட்டும் நறுக்கிவிட்டேன். அவர்களும்தான் என்ன செய்வார்கள், வீட்டுக்காரர் கேட்டிருப்பார். பொதுவில் திரையிடும் படத்துக்கு ஐஎம்டிஏ என்ற அரசு ஊடக ஆணையத்தின் தரப்படுத்தல் தேவையா என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

அனுமதி கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முழுக் கேசட்டையும் கணினியில் ஏற்றித் தம்ப்டிரைவில் போட்டு முதலில் கொடுத்துவிடுவேன், சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அது அவர்களுக்கு. அப்புறம் நான் எடுக்க நினைக்கும் நொடிகளை மட்டும் தனியாகக் காட்டுவேன். பலருக்கு அதுதான் ஆச்சரியம்: "இதையா எடுக்கப் போறீங்க? நாங்க மேடையில நிக்கிறது நல்லா இருக்குமே." ஈசூனில் ஓர் அக்கா, பந்தி வரிசையில் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு, அவர் வரும் இடத்தைக் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்டார். அங்கே நீட்டினால் வெளிச்சத்தின் வேகம் கெட்டுவிடும். முடியாது என்று சொல்லிவிட்டு, அப்பா வரும் எல்லா இடங்களையும் சேர்த்து அவருக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு செய்து கொடுத்தேன். இன்னொரு வீட்டில் தம்பதி பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேண்டாம் என்றார்கள். மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

படம் முடிந்த பிறகும் ஒரு குடும்பம் மனம் மாறலாம். அதற்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருங்கள். ஒவ்வொரு துண்டின் கோப்புப் பெயரிலும் குடும்பக் குறியீட்டைப் போட்டு, டைம்லைனில் குடும்பத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தேன். முதல் திரையிடலுக்குச் சில வாரம் முன்பு ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. மருமகளுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட முடியுமா என்று. ஊதா நிறத் துண்டுகள் எல்லாவற்றையும் அன்றைக்கே தூக்கினேன். பந்தியில் ஒரு முகம் குறைந்தது. 'வெளிச்சம் இடமிருந்து வலம்' பட்டியலில் அதே நீளத்துக்கு ஏறக்குறைய இன்னொருவர் காத்திருந்தார், கையில் அப்பளத்தோடு. அவரைப் போட்டு, ஒலியை ஆறு ஃபிரேம் நகர்த்தி, புதுப் பிரதியை ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிட்டேன்.